திறந்தவெளிக்கும் கதவு உண்டு: திருமழிசையிலிருந்து சென்னையின் பொழுதுபோக்கைப் பார்த்தல்

காணும் பொங்கலுக்கு மறுநாள் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு: மெரினாவில் மலைபோல் குப்பை. கரும்புச் சக்கையும் காகிதத் தட்டும் சிதறிக் கிடக்கும் மணற்பரப்பின் படம். அதன் கீழே, மக்களுக்குப் பொறுப்புணர்வு இல்லை என்ற வருத்தம். முந்தைய நாள் அங்கே வந்தவர்கள் யார், ஏன் அந்த ஒரே நாளில் அந்த ஒரே இடத்திற்கு அத்தனை பேர் வர நேர்ந்தது என்ற கேள்வியை அச்செய்தி எழுப்புவதில்லை. வடசென்னையின் குடியிருப்புகளிலிருந்தும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை ஆகிய மேற்குப் புறநகர்களின் காலனிகளிலிருந்தும், அதற்கப்பால் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்தும் குடும்பத்தோடு வந்திறங்கும் உழைக்கும் மக்களே அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி. அவர்கள் மெரினாவைத் தேர்ந்தெடுக்கும் காரணம் எளியது. அங்கே கதவு இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பவர் இல்லை. மறுநாள் அந்தக் குப்பையை அள்ளுபவர்களும் பெரும்பாலும் நம் மக்களே என்பதையும் அச்செய்தி சொல்வதில்லை.

ஆணவக் கொலைகளும் மலக்குழி மரணங்களும் நிகழும் நாட்டில் பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் பற்றி எழுத வேண்டுமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் வன்கொடுமை வழக்குகளின் கோப்புகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். வயலில் குனிந்து நாற்று நடும் தலித் உடலைக் காட்டிலும், ஓய்வாக நிமிர்ந்திருக்கும் தலித் உடலே சாதியை அதிகம் சினமூட்டுகிறது. 2018 மே மாதம் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டதற்கு முன் நிகழ்ந்த தகராறு, கோயில் அருகே கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தது பற்றியது. அவ்வழக்கில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட 2022 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டத்தில், கிரிக்கெட் பார்க்கச் சென்ற சிறுவன் பந்தைக் கையில் எடுத்தான் என்று தொடங்கிய சண்டை, அவனுடைய உறவினரின் கட்டைவிரல் வெட்டப்படுவதில் முடிந்தது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவர் கீழே இழுக்கப்பட்டு அவர் விரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் அவருடைய அணி பெற்ற வெற்றியே காரணம் என்று குடும்பத்தார் கூறினர். உட்காருதல், பந்தை எடுத்தல், விளையாட்டில் வெல்லுதல். இம்மூன்றும் எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல. சாதியின் எழுதப்படாத சட்டத்தில் குற்றம்.

அண்ணல் அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று விசாரிக்கும் 1945ஆம் ஆண்டு நூலில், இயந்திரங்களை வெறுக்கும் காந்தியத்தை அவர் மறுப்பதற்குச் சொல்லும் முதன்மையான காரணம் ஓய்வுதான். மனிதன் விலங்கைப்போல் உழைத்து மடியாமல் பண்பாட்டோடு வாழ ஓய்வு வேண்டும். அந்த ஓய்வை இயந்திரமே தர முடியும் என்பது அவர் வாதம். தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில் தொழிற்சாலை வேலைநேரம் வாரத்திற்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டதில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அரசியலமைப்பின் 43ஆவது கூறு, தொழிலாளர்கள் ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையை உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது. அது வழிகாட்டு நெறிதான். நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்டுப் பெற இயலாது. எனினும் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியபோதும், எதிர்ப்புக்குப் பணிந்து மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டபோதும், திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையிலும் திருப்பெரும்புதூர் ஆலைகளிலும் வேலை செய்யும் இளைஞர்களின் மாலைப்பொழுதே பேரத்தில் இருந்தது. நேரம் கிடைத்தால் மட்டும் போதாது. அதைக் கழிக்க இடமும் வேண்டும்.

திருமழிசையில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இப்பேரூராட்சியைச் சுற்றிச் செம்பரம்பாக்கம், குத்தம்பாக்கம், பர்வதராஜபுரம், நரசிங்கபுரம், வெள்ளவேடு பகுதிகளில் சுமார் 311 ஏக்கரில் துணைநகரம் அமையும், 12,000 வீடுகள் எழும் என்று 2011இல் அரசு அறிவித்தது. அறிவிப்புக்கும் கட்டுமானத்துக்கும் இடையில் கழிந்த ஆண்டுகளில் அந்த நிலம் அரசின் கையில் ஒரு சேமிப்புக் கிடங்காகவே இருந்தது. 2020 மே மாதம், கோயம்பேட்டில் கொரோனா பரவியபோது மொத்தக் காய்கறிச் சந்தை இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டது. மழை பெய்தால் சேறாகும் அத்திடலில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் செப்டம்பர் இறுதிவரை மூட்டை சுமந்தார்கள். பின்னர் அதில் ஏறத்தாழ 25 ஏக்கர் குத்தம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு ஒதுக்கப்பட்டது. சந்தைக்கும் முனையத்துக்கும் வீட்டுமனைக்கும் ஆகும் நிலம், அதைச் சுற்றி வாழும் காலனிப் பிள்ளைகள் ஓடியாடும் திடலாகும் என்ற சிந்தனை எந்தத் திட்ட அறிக்கையிலும் முதல் பக்கத்தில் இடம்பெறுவதில்லை. புறநகர் முழுவதும் இளைஞர்கள் கிரிக்கெட் ஆடுவது விற்காத மனைகளில்தான். மனை விற்றுப்போனால் ஆட்டம் அடுத்த காலிமனைக்கு நகரும்.

நகரத்தின் பூங்காவுக்கும் திருமழிசைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. கூவம் சீரமைப்புத் திட்டத்துக்காக ஆற்றங்கரைகளிலிருந்து 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றி மறுகுடியமர்த்துவது என்று முடிவாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் பெரும்பாக்கத்துக்கும், ஒரு பகுதியினர் திருமழிசைக்கு அருகிலுள்ள கூடப்பாக்கம் அடுக்குமாடிகளுக்கும் அனுப்பப்பட்டனர். காலியான கரைகளுக்குத் திட்டம் வகுத்துள்ளவை நடைபாதை, மிதிவண்டிப் பாதை, பூங்கா. ஆற்றங்கரையில் குடிசை போட்டு வாழ்வது ஆக்கிரமிப்பு, அதே கரையில் காலை நடை போவது சீரமைப்பு என்ற இந்தச் சமன்பாட்டைக் கேள்வி கேட்காமல் சென்னையின் திறந்தவெளிகளைப் பற்றிப் பேச முடியாது. ஆற்றைத் தூய்மைப்படுத்த வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஆற்றின் நாற்றத்தை மூன்று தலைமுறையாகச் சுவாசித்தவர்களுக்கு, ஆறு மணக்கத் தொடங்கும் நாளில் அங்கே இடமில்லை என்பதே நம் வழக்கு.

திருமழிசையாழ்வாரின் கதையை இவ்வூர்க்காரர்கள் அறிவார்கள். பிரம்பறுத்துப் பிழைக்கும் ஒருவர் எடுத்து வளர்த்த பிள்ளை அவர் என்கிறது வைணவ மரபு. காஞ்சியின் அரசன் சீடன் கணிகண்ணனை நாடு கடத்தியபோது ஆழ்வாரும் வெளியேற, அவர் சொற்கேட்டுப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். புராணத்தை நாம் வரலாறாகக் கொள்வதில்லை. எனினும் கூடப்பாக்கத்துக்கு லாரியில் பண்டபாத்திரத்தோடு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பின்னால் பள்ளிக்கூடமோ, பிழைப்போ, விளையாட்டுத் திடலோ பாயைச் சுருட்டிக்கொண்டு வரவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? நூறாண்டுகளுக்கு முன் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் கொண்டுவந்த தீர்மானத்தை நம்மில் பலர் பொதுச்சாலை உரிமைத் தீர்மானமாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அது சாலை, கிணறு, குளம் ஆகியவற்றோடு நிற்கவில்லை. பொதுமக்கள் கூடும் இடங்களையும் சேர்த்தே சொன்னது. செப்டம்பரில் அதை ஏற்று அரசாணை பிறந்தது. அரசியலமைப்பின் 15(2)ஆம் கூறில் அதே சொல்லாட்சியைக் காண்கிறோம்: கடைகள், உணவகங்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஒருபுறம், அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடங்கள் மறுபுறம். 1948 நவம்பரில் இக்கூறு விவாதிக்கப்பட்டபோது, பொதுப் பூங்காக்கள், தோட்டங்கள், அருங்காட்சியகங்கள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும் எனக் கே.டி. ஷா திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை, பொதுவான சொற்களே போதுமெனக் கொள்ளப்பட்டது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, ஊரின் பொதுச் சொத்து வளங்களைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதையும், பொதுக் கேளிக்கை இடங்களிலும் வேறு எந்தப் பொது இடத்திலும் நுழைவதையும் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. ஊர்த் திடலில் காலனி அணியை ஆடவிடாமல் விரட்டுவது 'பசங்க சண்டை' அல்ல, இப்பிரிவின்கீழ் வழக்கு. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது ஆபாசமாகத் திட்டியது, சாதிப்பெயர் சொன்னது என்பவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், திடல் யாருடைய சொத்து, அது எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். பெரும்பாலான புகார்களில் இந்த ஒரு வரி விடுபட்டுப் போகிறது.

ஆனால் நகரத்தில் நடக்கும் விலக்கலுக்கு இப்பிரிவு எளிதில் பொருந்தாது. அங்கே யாரும் சாதி கேட்பதில்லை, சீட்டு கேட்கிறார்கள். கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து நீண்ட வழக்குக்குப் பின் மீட்கப்பட்ட நிலத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. தனியார் சங்கத்தின் பிடியிலிருந்து பொது நிலத்தை மீட்டது பாராட்டத்தக்க செயல். திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறியவருக்கு 50. ஜிப்லைனில் தொங்கிச் செல்லத் தனியாக 250. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் கதவைத் தாண்டவே 300 ரூபாய். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 319. மீதமிருக்கும் 19 ரூபாயில் ஐஸ்கிரீம் கேட்கும் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

அதே அக்டோபரில் மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல்வெளிக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்தையே மூச்சாகக் கொண்ட வடசென்னையிலிருந்தும், கட்சிகளிடமிருந்தும் எதிர்ப்பு வெடித்ததும் ஓரிரு நாளில் அது கைவிடப்பட்டது. வெற்றிதான். ஆயினும் அத்தீர்மானம் எப்படி மன்றத்தில் இயல்பாக நிறைவேற முடிந்தது என்பதே நம்மைக் கவலை கொள்ளச் செய்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கறுப்பின மக்களையும் பொது நீச்சல் குளங்களில் அனுமதிக்க வேண்டிய கட்டாயம் 1960களில் நேர்ந்தபோது, நகர நிர்வாகம் தனக்குச் சொந்தமான நான்கு குளங்களையும் மூடிவிட்டது. குத்தகைக்கு வைத்திருந்த ஐந்தாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எல்லோருக்கும் மூடியதால் பாகுபாடு இல்லை என்று 1971இல் பால்மர் எதிர் தாம்சன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பார்வைக்குச் சமமான விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்க மறுத்த தீர்ப்பு அது. எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பதும் அத்தகைய விதியே.

ஏரிகளுக்கு வருவோம். மேற்குச் சென்னை ஏரிகளின் நிலம். அடையாற்றுக்கு நீர் தரும் செம்பரம்பாக்கம், ஆவடியில் 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட பருத்திப்பட்டு, இன்னும் பெயரளவில் எஞ்சியிருக்கும் எத்தனையோ தாங்கல்கள். ஏரிக்கரை, மந்தைவெளி, மேய்க்கால் ஆகியவையே நிலமற்றோரின் திறந்தவெளிகள். மீன் பிடிக்கவும் நீந்தவும் மாலையில் காற்று வாங்கவும் அவர்கள் சென்ற இடங்கள். பொது நிலங்களைக் காக்கச் சொன்ன ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு தீர்ப்பு (2011) இங்கே ஏரிப்புறம்போக்குக் குடியிருப்புகளை இடிக்கும் ஆணைகளில் அடிக்கடி மேற்கோளாகிறது. அதே தீர்ப்பின் இறுதியில், நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு அறிவிக்கையின்கீழ் குத்தகை தரப்பட்ட இடங்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று எழுதியிருப்பதை அவ்வாணைகள் வாசிப்பதில்லை. செம்பரம்பாக்கத்தை அடுத்த பாப்பான்சத்திரத்தில், கோயில் நிலமும் அரசு நிலமும் சேர்ந்த இடத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா பல்லாண்டுகளாக இயங்கிவந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பாக்கியைச் செலுத்தவும் நிலத்தை ஒப்படைக்கவும் ஆணையிட்ட பிறகு வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஓட்டு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டிய ஏழாம் நாளே புல்டோசர் வந்து நிற்பதைப் பார்த்திருக்கும் நமக்கு, ராட்டினத்துக்குக் கிடைக்கும் கால அவகாசம் வியப்பளிக்கிறது.

கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஏழைகளின் பொழுதுபோக்குக்கு அதிகம் உதவிய திட்டம் எது என்று கேட்டால், நாம் எந்தப் பூங்காவின் பெயரையும் சொல்ல மாட்டோம். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையே சொல்வோம். திருமழிசைக்கும் மெரினாவுக்கும் சுமார் 25 கிலோமீட்டர். வேலைக்கும் மருத்துவமனைக்கும் அல்லாமல், சும்மா கடலைப் பார்த்துவிட்டு வருவோம் என்று பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப அது வழி திறந்தது. 'ஓசிப் பயணம்' என்ற ஏளனத்தில் ஒலிப்பது பேருந்துக் கட்டணத்தைப் பற்றிய கவலை மட்டுமல்ல. இவர்களெல்லாம் சும்மா ஊர் சுற்றுவதா என்ற பழைய எரிச்சலும்தான். மாறாக, 12,525 ஊராட்சிகளுக்கும் மட்டையும் பந்தும் வலையும் கொண்ட விளையாட்டுப் பெட்டி வழங்கும் திட்டம் 2024இல் வந்தது. பெட்டி வந்த ஊரில் திடல் எங்கே இருக்கிறது, ஊர்ப்பக்கமா காலனிப்பக்கமா என்ற கேள்விக்கு அந்தப் பெட்டியில் விடையில்லை.

இங்கே ஒரு நல்ல முன்னுதாரணமும் உண்டு. குத்தம்பாக்கத்தில், தலித் சமூகத்திலிருந்து வந்து 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமியின் முன்முயற்சியில், தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் எழுந்தன. சமத்துவபுரங்களின் வடிவமைப்பிலும் அதே நோக்கம் இருந்தது. நூறு வீடுகளில் நாற்பது பட்டியல் சாதியினருக்கு; பொது வசதிகள் எல்லோருக்கும் ஒன்று. நிலத்தைப் பிரிக்கும் விதமே சாதியைக் காக்கிறது அல்லது கரைக்கிறது என்ற அந்தப் புரிதல் இன்றைய நகரமைப்பில் காணாமல் போய்விட்டது.

அதற்கான சட்டக் கருவி இல்லாமலில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடமாகவோ வழிகாட்டி மதிப்புப்படி பணமாகவோ தரலாம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பணமாகச் செலுத்தும் வாய்ப்பு இருப்பதால் சிறிய மனைப்பிரிவுகள் நிறைந்த புறநகரில் திடல் உருவாவதில்லை. உருவாகும் இடமும் மனைப்பிரிவின் மூலையில், அதன் குடியிருப்போர் சங்கம் பூட்டிச் சாவி வைத்திருக்கும் பூங்காவாக மாறுகிறது. தானமாகப் பெறப்பட்ட நிலம் உள்ளாட்சியின் சொத்து, சங்கத்தின் தோட்டமல்ல. பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்ததைப் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டது. அந்த வழக்கைத் தொடங்கியவர்கள் அப்பகுதிவாசிகள். நம் காலனியின் இளைஞர்களும் தொடங்க முடியும்.

சட்டக் கல்லூரி, சமூகப்பணித் துறை மாணவர்களுக்கு இதில் செய்வதற்கு உடனடி வேலை இருக்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரையிலான காலத்துக்குத் தயாராகிறது. திருமழிசைக்கெனப் புதுநகர் வளர்ச்சித் திட்டமும் அறிவிக்கப்பட்டுள்ளது. வரைவு வெளியானால் ஆட்சேபனைக்குச் சட்டப்படி அவகாசம் தர வேண்டும். அந்த நாட்களில் தேடத் தொடங்கினால் காலம் போதாது. எனவே இப்போதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகளிடம் கேட்க வேண்டியவை: இதுவரை தானமாகப் பெற்ற திறந்தவெளிகளின் புல எண், பரப்பு, இன்றைய பயன்பாடு, இடத்துக்குப் பதிலாக வாங்கிய தொகை எவ்வளவு, எங்கே செலவானது, பூட்டியிருக்கும் பூங்காக்களின் சாவி யாரிடம். இவற்றோடு வட்டாட்சியர் அலுவலகத்தின் 'அ' பதிவேட்டில் புறம்போக்கு, பஞ்சமி நில விவரங்களையும் எடுத்து ஒரே வரைபடத்தில் காலனிகளைக் குறித்துப் பாருங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. இந்த மண்ணில் அந்தப் பதிவேடுகளைத் தேடுவது வீண்போகாது.

குத்தம்பாக்கம், நேமம் போன்ற ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. திடலுக்கான தீர்மானத்தை எழுத்தில் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, நகலைக் கேட்டு வாங்குங்கள். திருமழிசை பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. பகுதி சபையும் வார்டு குழுவும்தான். அவை கூட்டப்படும் நாளை அறிவிக்கும்படி செயல் அலுவலரிடம் முதலில் ஒரு மனு கொடுக்க வேண்டும்.